அம்மா பைண்டு செய்த தொடர்கதை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ். முன் சீட்டில் தாவணி போட்ட பள்ளிக்கூடப் பெண்கள் இருவர். பின்னால் நான், செய்தித்தாள் படிக்கும் பாவனையில்.

"எங்கம்மா அவள நல்லவளா ஆக்கிட்டாட்டி!" என்றாள் ஜன்னலோரத்துக்காரி, ஏதோ கொலை நடந்துவிட்டதைப் போல.

"யாரட்டி?"

"வாரப்பத்திரிகைல ஒரு பிள்ள தன் கதையத் தானே சொல்லுவால்லா, அவளத்தான். அம்மா அந்தத் தொடர்கதையக் கிழிச்சுச் சேத்து பைண்டு பண்ணித் தந்தா. பாத்தா, அவ பொய் சொன்ன வாரம், கூட்டாளியப் பத்திக் கோள் மூட்டுன வாரம், ஒண்ணையும் காணோம்! கேட்டா, 'ஒனக்கு அது வேண்டாம்'ங்கா."

"பொறவு கதைல என்னதான் இருக்கு?"

"கோயிலுக்குப் போறா. பரிச்சைல பாஸாகுறா. கடைசில கூட்டாளி கால்ல விழுந்து, 'மன்னிச்சிரு'ன்னு அழுதுட்டு நிக்கா. எதுக்குன்னு அந்தக் கூட்டாளிக்கே தெரியாது!"

செய்தித்தாளை முகத்துக்கு இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன். தோழிக்கு அந்த வசதி இல்லை, சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதட்டி!"

"விடு. ஒங்க வீட்டுலதான் எம்புட்டு புஸ்தகம் இருக்கு, வேற எடுத்துப் படி."

"அம்புட்டுலயும் நல்லவளுவதான் இருக்காளுவ. என்னைய மாதிரி ஒருத்திதாண்டி இருந்தா. அவளையும் எங்கம்மா வீட்டுக்குள்ள விடல."