பதினோராம் அத்தியாயத்து மச்சான்

— அப்போ இந்த மச்சான் எங்கேருந்து வந்தான், நாகையா?

— எந்த மச்சான், சபாபதி அண்ணே?

— நம்ம பத்திரிகையில தொடரா வந்த உன் கதைக்குள்ளதான்டா. பதினோராம் அத்தியாயம். நாளைக்குக் கன்னையா புஸ்தகத்துக்கு அச்சுக் கோக்க உக்காரணும். கடைசியா ஒரு தடவ முரண்பாடு ஏதும் இருக்கான்னு பாத்துக்கிட்டு வர்றேன். ஒன் கதாநாயகன் தாமோதரன், சினேகிதன் வீட்டு மாடியில குடியிருக்கான். சரியா?

— சரிங்கண்ணே.

— பத்து அத்தியாயமா அந்த சினேகிதன வாய் நிறைய ‘அண்ணே, அண்ணே’ங்கிறான். பதினொண்ணுல, ‘சாப்பிட வாங்க, மச்சான்’ங்கிறான். ராத்திரியோட ராத்திரியா முறை மாறிப் போச்சா?

— கை தவறியிருக்கும்ணே.

— கேளுடா. அண்ணனோட தங்கச்சி இவனுக்கு என்ன வேணும்?

— தங்கச்சி.

— மச்சானோட தங்கச்சி?

— கை தவறினதுக்குப் போயி முறையெல்லாம் எதுக்குண்ணே?

— வேலை பாக்குற ரயில்வே ஆபீசுல வாய நல்லாத்தானே தொறக்குற? சொல்லு.

— கட்டிக்கிற முறைங்கண்ணே.

— ம். அந்த சினேகிதனுக்கு ஒரு தங்கச்சி இருக்கா. நீயே எழுதி வச்சிருக்க. எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. நீயும் என் மாடியிலதான் குடியிருக்க.

— ஐயோ, அண்ணே! என்ன பேச்சு இது? ரப்பர் விலை விழுந்து, வேலை போயி, இந்த பிரிக்பீல்ட்ஸ்ல ஒதுங்க எடமில்லாம நின்னப்ப, பாய் போட்டுப் படுடான்னு சொன்னவர் நீங்க. புஷ்பவல்லி எனக்கும் தங்கச்சிதான்.

— நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இதையும் படி. அந்தப் பொண்ணுக்கு ரெண்டாம் அத்தியாயத்துல என்ன அடையாளம்?

— மோவாயில மச்சம்.

— பதினொண்ணுல மச்சத்தக் காணோம். எடது மணிக்கட்டுக்கு மேல, கொதிக்கிற எண்ணெய் தெறிச்ச தழும்பு. பிறை மாதிரி. வளையல ஏத்திப் போட்டு மறைச்சிருக்காளாம்.

— அண்ணே, சத்தியமா…

— அது புஷ்பத்தோட கை! அந்தத் தழும்பு எனக்குத் தெரியும், செத்துப்போன எங்கம்மாவுக்குத் தெரியும். வளையலுக்கு அடியில இருக்கிறது உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?

— எனக்குத் தெரியாதுங்கண்ணே. இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது.

— வெள்ளிக்கிழமை கிள்ளான்லேருந்து அவளப் பொண்ணு பாக்க வர்றாங்க. பாசாருக்குப் போய் பழம் வாங்குறதுக்கு நீதான் பையத் தூக்குறேன்ன. ஒரு பக்கம் பை தூக்கிக்கிட்டு, இன்னொரு பக்கம் ஊரே படிக்கிற புஸ்தகத்துல அவ கையப் பத்தி எழுதுறியா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க படிச்சா என்ன ஆகும்?

— அண்ணே, ஒரு நிமிஷம். இந்தப் படிய நான் எழுதலியே.

— ‘ஓரத்துல திருத்துன என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு, கன்னையாவுக்குப் புரியாது’ன்னு நீதான் சொன்ன. அதனாலதான் புஷ்பம் ஒக்காந்து நல்ல எழுத்துல படி எடுத்தா. பத்திரிகையில வந்தத அப்படியே. ஓரத்துல நீ கிறுக்கினதையும் சேத்து. அவ பாத்து எழுதுனா. கிறுக்கினவன் நீ.

— பதினொண்ணுல நான் ஒண்ணுமே கிறுக்கல. பத்திரிகை அந்த அலமாரியிலதான் இருக்கு. எடுத்துப் பாருங்க.

— பாக்கத்தான் போறேன். பொய்யா இருந்துச்சுன்னா இன்னிக்கே பெட்டியக் கட்டிக்க… எங்க… பத்து… இதோ பதினொண்ணு.

— என்ன போட்டிருக்குண்ணே?

— ‘சாப்பிட வாங்க, அண்ணே.’

— தழும்பு?

— மச்சந்தான் இருக்கு. ஓரமும் சுத்தமா இருக்கு… இரு. படி எடுத்தப்புறம் நீயும் ஒரு தடவ படிச்சியே? அடியில ‘பார்த்தேன், சரி’ன்னு கையெழுத்து போட்டிருக்கியே?

— அது வந்துங்கண்ணே… அவங்க எழுத்து முத்து முத்தா இருந்துச்சா… எழுத்தப் பாத்துக்கிட்டே போயிட்டேன். வார்த்தையப் பாக்கல.

— புஷ்பம்! ஏய் புஷ்பம்! இங்க வா.

— வர்றேன். காபி கலந்துக்கிட்டு இருக்கேன்.

— காபி கெடக்கட்டும். இது உன் கையெழுத்துதானே?

— ஆமா.

— தங்கச்சி, ஏதோ தூக்கக் கலக்கத்துல எழுதிட்டேன்னு நீங்களே அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. ஒரு பிழைதானே…

— முதல்ல வெட்ட வேண்டியது அந்த ‘தங்கச்சி’ய.

— புஷ்பம்!

— கத்தாதீங்கண்ணே, அச்சு ரூம்ல இருக்கிற கன்னையா காதுல விழும். தூக்கமும் இல்ல, கலக்கமும் இல்ல. முழிச்சுக்கிட்டுத்தான் எழுதுனேன்.

— ஏன்?

— கதையில பிழை இருந்தா திருத்தச் சொன்னது நீங்கதானே? முதல் அத்தியாயத்துலேருந்து அந்தத் தாமோதரன் அவ வந்தா எந்திரிச்சு நிக்கிறான். அவ கோலம் போட்டா தாண்டாம சுத்திப் போறான். அவளுக்குக் காய்ச்சல்னா இவன் வேலைக்குப் போகல. அவ அண்ணனக் கூப்பிடுறது மட்டும் ‘அண்ணே.’ இது பிழையா இல்லியா?

— அதுக்காக?

— கடைசி அத்தியாயத்துல அவள ஈப்போக்காரனுக்குக் கட்டிக் கொடுத்துட்டு, இவன் ஸ்டேஷன்ல நின்னு கைக்குட்டைய ஆட்டுறான். பெரிய வீரன்! பத்து அத்தியாயம் படி எடுக்கிற வரைக்கும் இவரே திருத்துவாரு, திருத்துவாருன்னு பாத்தேன். திருத்தல. பதினொண்ணுல நான் திருத்திட்டேன்.

— சரி, அந்தத் தழும்ப எதுக்குடி எழுதுன?

— படிச்சா யாருன்னு தெரியட்டும்னுதான். மகராசன் படிச்சு, ‘சரி’ன்னு கையெழுத்தே போட்டுட்டாரு.

— கிள்ளான்காரங்களுக்கு நான் என்ன சொல்றது?

— அத என்கிட்ட கேக்காதீங்கண்ணே. கதை எழுதுனவரக் கேளுங்க.

— நாகையா, தலைய நிமித்தி என்னப் பாருடா. நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். பேனா இந்தா இருக்கு. ‘அண்ணே’, ‘மச்சான்’, ரெண்டுல ஒரு வார்த்தையத்தான் அடிக்கணும். ‘மச்சான்’ங்கிறத அடிச்சிட்டா கன்னையா அச்சுக் கோத்துடுவான், வெள்ளிக்கிழமை நான் பழம் வாங்கிடுவேன், அதோட முடிஞ்சுது. எத அடிக்கிற?

— பேனா மூடியத் தொறந்து தொறந்து மூடுறாரு பாருங்கண்ணே. இவருக்கு இதுவும் கண்ணுல படாது. நான் போயி காபியப் பாக்குறேன்.

— நில்லுங்க… நில்லு, புஷ்பம்.

— சொல்லுடா!

— பதினொண்ணு சரியாத்தான் இருக்கு. முதல் பத்தையும் விடியறதுக்குள்ள திருத்திக் கொடுத்துடறேன்… மச்சான்.