வால் தூக்கும் வேகம்

மூன்று சக்கரக் காரை நீங்கள் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஷெரீப். சந்தில் திருப்ப அதைப் போல் சுகமான வண்டி கிடையாது. முன்சக்கரம் இரண்டும் இழுக்கும். பின்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரம்தான் திரும்பும். மீன் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

அதை வரைந்தவன் என் தங்கை வெர்னாவின் கணவன் வெண்டெல். செய்தவன் நான். அலுமினிய உடம்பு, எட்டு சிலிண்டர் எஞ்சின். இந்த 1934-இல் இந்தியானா முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொன்று கிடைக்காது. ஒரே ஒரு குறை. எழுபது மைலைத் தாண்டினால் காற்று அடியில் புகுந்து வாலைத் தூக்கும். பின்சக்கரம் தரையை விட்டபிறகு ஸ்டியரிங்கைத் திருப்புவதும் ஒன்று, சாப்பாட்டுத் தட்டைத் திருப்புவதும் ஒன்று.

வாலுக்கு மேல் ஓர் இறக்கை வைத்தால் காற்றே அதை அழுத்திப் பிடிக்கும் என்று வரைந்து காட்டினேன். பட்டறையில் எல்லோர் முன்னாலும் வெண்டெல் சிரித்தான்.

"என்ன மச்சான், என் காருக்குக் கோழி றெக்கை ஒட்டச் சொல்றீங்களா? நான் அறுபதைத் தாண்டவே மாட்டேன், போதுமா?"

அறுபதில் ஓட்டினால் இறக்கை எதற்கென்று யாருக்குத்தான் புரியும்? அதனால் வெள்ளோட்டத்தன்று காலை வேகமானியின் பல்சக்கரத்தை மாற்றினேன். வண்டி எண்பதில் பறந்தாலும் முள் அறுபதில் நிற்கும்.

விமான ஓடுதளத்தில் நல்ல கூட்டம். கிளம்பும் நேரத்தில் வெர்னா ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நீ செஞ்ச கார்ல நான் ஏறாம வேற யாருண்ணா ஏறுவா?"

கதவைச் சாத்திவிட்டேன். முன்னால் நூற்றிருபது பவுண்டு கூடினால் வால் இன்னும் சீக்கிரம் கிளம்பும். கணக்கைத் திருத்தி நோட்டில் குறித்துக்கொண்டேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீரில் தலையை விடும் வாத்தைப் போல் வால் எழுந்தது. வண்டி பக்கவாட்டில் ஒரு சுற்று ஆடி, வேலியை உடைத்து, சோளக்கொல்லையில் மூன்று முறை புரண்டது. வெண்டெலுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்ததோடு சரி. வெர்னா நான்கு நாளாகக் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வெண்டெல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும் மச்சான். அடுத்த கார்ல றெக்கை வச்சிடலாம்."

அந்த வரைபடத்தை வெர்னாவின் படுக்கையில் விரித்து வைத்தேன். விழித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை, கொலைமுயற்சி என்றெல்லாம் மட்டும் போட வேண்டாம். பாதுகாப்புச் சோதனை என்று போடுங்கள்.