மாவு பிசைந்த கை

திருத்தணி பேருந்து நிலையத்தில் பள்ளிப்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் லுங்கி கட்டிய ஒருவர் தன் மைத்துனரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“உங்க அக்கா போனதுல இருந்து ஏரியில ஒரு கெண்டை கூட தூண்டிலத் தொடல.”

“மீனும் கோச்சிக்கினு போயிடுச்சா பாவா?”

“நெசமாத்தான்டா. அதே மாவு, அதே பெருங்காயம். நான் பிசைஞ்சா தறி ஆயில் நாத்தம் ஏறுது, மீன் மோந்து பாத்துட்டுப் போயிடுது. அவ பிசைஞ்சு குடுத்தா வந்து கவ்வும்.”

“கிருத்திகைக்கு மலைக்குக் கூட்டிகினு போறேன்னு சொல்லிட்டு ஏரிக்குப் போனா, அக்கா வேற என்னா பண்ணும்?”

“அதான் கூட்டியாரப் போறனே.”

“அங்க வந்து மீன் பேச்சு எடுக்காதீங்க பாவா. அம்மா வாசப்படி ஏற வுட மாட்டாங்க.”

“சரி, எடுக்கல.”

பிறகு அவர் வலது கையை மைத்துனரின் மூக்கருகே நீட்டினார்.

“இன்னும் ஆயில் நாத்தம் அடிக்குதா பாரு.”

“ஆங், அடிக்குது.”

பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறினோம். அவர் மட்டும் எதிர்க்கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

மைத்துனர் படியில் நின்றபடி கண்டக்டரிடம் சொன்னார்: “ஒரு நிமிஷம் இருங்கண்ணே, கை கழுவிகினு இருக்காரு.”