நாலாவது சிலிண்டர்

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்ப்பார்கள், ஃபாதர். சேத்தியாத்தோப்பு செந்தமிழ்செல்வனும் அப்படித்தான். என்ஜின் பிளாக்கைக் கடலூரில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, "செலவ பாக்காதீங்க தைரியராஜ், பொண்ணு கல்யாணத்துக்கு இதுலதான் போவணும்" என்றார். ஆனாலும் பேரம் பேசிக் கூலியைக் குறைத்தார்.

தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, உள்ளே ஸ்லீவ் என்கிற புது இரும்புக் குழாயை இறக்க வேண்டும். நாலாவதில் ஸ்லீவ் இறுக்கமாக இருந்தது. திரும்ப மெஷினில் ஏற்றிக் கடைந்தால் பேசிய கூலியில் எனக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படியே பிரஸ்ஸில் வைத்து அழுத்தினேன். மெல்லிய சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினேன். விரிசல் இருந்தால் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். தெரிந்தது. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் அது வழியாகக் கசிந்துவிடும். வேறு பிளாக் வாங்கிக் கொடுத்தால் என் கைக்காசு போகும். பேஸ்ட் வைத்து அடைத்து, தேய்த்துவிட்டேன்.

பிளாக்கை எடுக்க அவர் மகள் வெண்மதியும் வந்திருந்தாள். "நல்லா ஓடுமா மாமா?" என்று கேட்டாள். "ஓடும்மா" என்றேன். அந்தச் சொல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்த வண்டிக்கு டிரைவர் அமலன், என் தங்கை அனிதாவின் புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

கல்யாணப் புடவை எடுக்க வெண்மதியை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினான். வெள்ளாற்றுப் பாலத்தில் என்ஜின் சூடேறி, ஜாம் ஆகி, அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி மோதியது. பின்சீட்டில் இருந்த வெண்மதி அங்கேயே இறந்துபோனாள்.

என்ஜினைப் பார்த்துச் சொல்லப் போலீஸ் என்னைத்தான் கூப்பிட்டது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை, டிரைவர் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறான் என்றேன். தண்ணீர் இல்லாதது உண்மைதான். அது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

"காலைலகூட தண்ணி ஊத்துனேன் மச்சான். நீயாச்சும் அவுங்களாண்ட சொல்லு" என்று ஜெயிலில் அமலன் அழுதான்.

நாளை கோர்ட்டில் நான் சாட்சி. போலீசில் சொன்னதையே சொல்வேன். பட்டறை போய்விட்டால் அனிதாவையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது? ஆனாலும் மனசு அரிக்கிறது. இங்கே கேட்டதை நீங்கள் எங்கேயும் சொல்லக் கூடாது, அதனால்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தேன்.

என்ன ஜெபம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன். அமலன் விடுதலையாக ஒரு பூசையும் வையுங்கள், ஃபாதர். என்ன செலவானாலும் நான் கொடுக்கிறேன்.