குப்பியில பாத்தாச்சு

அந்தப் பேப்பர்ல இப்பக் கையெழுத்து போடாதீங்கண்ணே. பேனாவ மூடுங்க. வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி ஒரு விஷயம் கொண்டு வந்திருக்கேன். உடனே சொல்ல மாட்டேன், கொஞ்சம் பொறுங்க.

மொதல்ல நம்ம விமானப் பயிற்சி மாஸ்டர் மாதிரி பேசவா? றெக்கை இருந்தாப் போதும்னா கோழிக்கு லைசென்ஸ் குடுத்திருப்பேனே தம்பி. எப்பிடி? அந்த மூக்கு உறிஞ்சல்கூட வந்துச்சுல்ல. கன்ட்ரோல் டவர் மேடம் வேணுமா? ஓடுபாதை காலி, கொட்டாவி விட்டுட்டுக் கிளம்பலாம். என்னண்ணே, சிரிக்க மாட்டேங்கறீங்க. நான் வாயத் தொறந்தாலே ஷெட்ல ஆயில் துடைக்கிற துணிய எடுத்து எம்மேல எறிவீங்க.

ஆஸ்பத்திரியிலேருந்துதான் வர்றேன். விமானம் ஓட்டிப் பழகற நம்ம அக்கா கண்ணு முழிச்சாச்சு. வலது கால் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இனிமே ஒரு ஷூ போதும்டான்னு என்னையே சிரிக்க வைக்கப் பாத்தாங்க.

இல்லண்ணே, உங்களத் திட்டவே இல்ல. மெக்கானிக் அண்ணன் குப்பியில பாத்தாச்சுன்னு வாக்கி டாக்கியில சொன்னாரு, நம்பி ஏறிட்டேன், நானும் பாத்திருக்கணும்னாங்க. முந்தின நாள் பூரா மழை, விமானம் வெளியில நின்னுச்சு. டேங்குக்கு அடியில குப்பிய வெச்சுப் பிடிச்சிருந்தா, பெட்ரோலுக்குக் கீழ தண்ணி கோலிக்குண்டாட்டம் உருண்டிருக்கும். அரை நிமிஷ வேலை. கிளம்பி இருபது மாடி உயரம்கூடப் போகல, இன்ஜின் இருமி நின்னுடுச்சு. அக்கா பதறித் திருப்பல, மூக்கத் தாழ்த்தி நேரா வயல்ல இறக்கினாங்க. சரியாத்தான் செஞ்சாங்க. குறுக்க அந்த வாய்க்கால் சுவர்.

நீங்களும் நம்பிட்டீங்க பாருங்க. தினம் இருபது தடவ சொல்ற வார்த்த, அன்னிக்கும் வாய் தானா சொல்லியிருக்கும், அந்தப் பொண்ணு பொய் சொல்லாதுன்னு பேப்பர்ல தப்ப ஒத்துக்கிட்டு எழுதிட்டீங்க. நாளைக்கு விசாரணையில இதக் குடுத்தா முப்பது வருஷ வேலை போயிடும்ண்ணே.

அந்த நேரம் எங்க இருந்தீங்க? ஷெட்டுக்குப் பின்னாடி, டயருக்குக் காத்து. சரி. உங்க வாக்கி டாக்கி? ஆமா, மேசை மேல, சார்ஜ்ல.

இப்பத் தமாஷு. அக்கா ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏறுவாங்கல்ல. ஒரு நாளாவது மாட்டிவிடணும்னு ஒருத்தன் ஆசப்பட்டான். பாக்காம ஏறட்டும், மாஸ்டர் குரல்ல கூப்பிட்டு ஒரு டோஸ் விட்டு இறக்கிடலாம்னு. மொதக் குரல் வாக்கி டாக்கியில போயிடுச்சு. ரெண்டாவதுக்குப் பட்டன அமுக்கறதுக்குள்ள மாஸ்டரே உள்ள வந்துட்டாரு. அவன் செட்ட திரும்ப சார்ஜ்ல சொருகிட்டு, ஒண்ணும் தெரியாதவனாட்டம் நின்னான். விமானம் உருள்ற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் நின்னான்.

கண்ண மூடிக்கங்கண்ணே. கடைசியா ஒரே ஒரு குரல்.

ம்க்கும். குப்பியில பாத்தாச்சு பாப்பா. சொட்டுத் தண்ணி இல்ல. ஏறு.

அண்ணே. அந்தத் துணிய எடுத்து எம்மேல எறிஞ்சிடுங்கண்ணே. இப்பிடிப் பாக்காதீங்க.