சூசையப்பர் காசு

மக்தலேனா: இன்னுமா பெட்டியத் துழாவுறீங்க? பக்கத்து வீட்டுத் தங்கமணிக்கு விடியகாலமே வலி கண்டாச்சு. மருத்துவச்சி பீவியக்கா ரெண்டு தரம் ஆள் விட்டுட்டாங்க, சூசையப்பர் காசு எங்கன்னு...

செபாஸ்டியன்: இந்தத் தடவை காசு இல்லாமலே...

மக்தலேனா: நல்லாருக்கே! இந்தப் பபேடான் பேட்டையில, நம்ம தெருவுல எவ அதைக் கையில பிடிக்காமப் பெத்தா? ரஹீமாகூடப் பிடிச்சா.

செபாஸ்டியன்: அந்தக் காசுல இருக்குறது சூசையப்பர் இல்ல புள்ள.

மக்தலேனா: யாரு சொன்னா?

செபாஸ்டியன்: துறைமுகத்துல ஒரு கப்பல் துரை. ஸ்பெயின் ராசாவாம். அவன் பட்டத்துக்கு வந்தப்ப ஞாபகமா அடிச்ச வெள்ளிக்காசு. எங்கப்பா கப்பல்ல சமைக்கப் போனவரு, மணிலாவுல வாங்கிட்டு வந்திருக்காரு.

மக்தலேனா: துறைமுகத்துக்கு எதுக்கு அதைத் தூக்கிட்டுப் போனீங்க?

செபாஸ்டியன்: பெருமையாக் காட்டலாம்னுதான்...

மக்தலேனா: சரி. ராசாவோ சூசையப்பரோ, வலியில கிடக்குறவளுக்குத் தெரியவா போவுது? எடுங்க.

செபாஸ்டியன்: இரு புள்ள, சொல்றேன்...

மக்தலேனா: எடுங்கன்னா!

செபாஸ்டியன்: துரைகிட்ட இருக்கு.

மக்தலேனா: வித்துட்டீங்களா?

செபாஸ்டியன்: வித்திருந்தாக்கூடத் தேவல. சும்மா குடுத்தேன். காசு பூரா மெழுகு ஒட்டியிருந்துச்சு. "எந்த மடச்சி ராசாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினா?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு...

மக்தலேனா: நீங்க என்ன சொன்னீங்க?

செபாஸ்டியன்: அதை விடு...

மக்தலேனா: செத்துப்போன அத்தை இருபது வருசம் அதுக்கு முன்னால முழங்கால் போட்டாங்க. என்ன சொன்னீங்க?

செபாஸ்டியன்: "எங்க வீட்டுது இல்லீங்க துரை, கீழ கிடந்துச்சு, நீங்களே வச்சுக்குங்க"ன்னேன்... பெத்த தாயை மக்தலேனா... உடம்பெல்லாம் கூசுது.

மதீனா பீவி: மக்தலேனா! கதவத் தொற! பொண்ணு பொறந்துடுச்சு, ரெண்டு பேரும் சொகம். காசு வேணாம், வெந்நிதான் வேணும்!

மக்தலேனா: இதோ... கொண்டாறேன் பீவியக்கா...

செபாஸ்டியன்: ஏன் அழுவுற? அதான் நல்லபடியா ஆச்சே. என்னைத் திட்டேன், வாயத் தொறந்து நாலு வார்த்தை திட்டு.

மக்தலேனா: எந்த வாயால திட்டுறது? போன வருசம் வீடு மந்திரிக்க வந்த சாமியார் அந்தக் காசைப் பாத்துட்டாரு. "ராசா படத்தை மாதா பக்கத்துல வச்சது யாரு?"ன்னாரு. "மாமியாருங்க சாமி. எழுத்து தெரியாத ஜென்மம், சொன்னாலும் மண்டையில ஏறாது"ன்னேன். திரும்பிப் பாத்தா, அடுப்படி வாசல்ல அத்தை நிக்கிறாங்க... அப்புறம் சாகுறமட்டும் அந்தக் காசுகிட்ட அவங்க போகவே இல்லீங்க.