தங்கச்சி இல்லாதவர் போன வழி

மாலை ஐந்தரை மணி… போடிமெட்டு ஏற்றம். முன்னால் பத்தடி தெரியாத பனி. எதிரே ஒரு வண்டி கிடையாது. இந்தக் கதை அங்கே போய்த்தான் நிற்கிறது. பேய் நடுராத்திரிக்குத்தான் வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

எழுபத்து நான்காம் வருடம். என் கூட்டாளி சென்னிமலையின் மாமா காளிச்சாமிக்கு நடந்தது. முதலமடையில் எட்டு ஏக்கர் மாந்தோப்பு, ஊரில் நல்ல பேர். ஒரே தங்கை மருதாத்தாள். எஸ்டேட் லாரி ஓட்டிவந்த கபிரியேலைக் கட்டிக்கொண்டு மூணாறுப் பக்கம் சின்னக்கானல் போய்விட்டாள். வேதக்காரப் பையன், கிறிஸ்தவன். காளிச்சாமி வாய்க்காலில் இறங்கித் தலை முழுகினார், செத்தவர்களுக்கு முழுகுவது போல. அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் தனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்பார். மகளுக்கு உடுமலையில் சம்பந்தம் பேசியபோதும் அதையேதான் சொன்னார்.

மே மாதம் ஒரு காலையில் தந்தி. மருதாத்தாளுக்கு உடம்பு மோசம், உடனே வரவும்.

மனிதருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அழுதார். அழுது முடித்து, எந்த வழியாகப் போவது என்று யோசிக்க உட்கார்ந்தார். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தால் பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து மூணாறு பஸ். இருட்டுவதற்குள் தங்கை வீட்டில் இருக்கலாம். ஆனால் உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே சம்பந்தியின் உரக்கடை. எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டால்? ஆவணியில் மகள் கல்யாணம்… ரயிலில் போகலாம் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் தெரிந்தவர். கடைசியில் லாரி என்று முடிவானது. சாயங்காலம் திண்டுக்கல்லுக்கு மாங்காய் ஏற்றிப் போகும் லாரி, வெளியூர் டிரைவர். உடுமலையைத் தாண்டும்போது உரக்கடை பூட்டியிருக்கும். திண்டுக்கல்லில் இருந்து போடிக்கு பஸ், போடியிலிருந்து ஜீப். ஒரு நாள் கூடுதலாகும், ஆனால் தெரிந்த முகம் ஒன்றும் எதிர்ப்படாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்தத் திட்டத்தில் அவருக்குத் திருப்திகூட இருந்ததாம். பின்னாளில் அதைச் சொல்லும்போது மருமகன் சென்னிமலையின் முகத்தை மாமாவால் பார்க்க முடியவில்லையாம்.

பொள்ளாச்சி தாண்டி ஒரு டீக்கடை. பின்னால் ஏறிய அம்மாவுக்கும் டீ சொல்லட்டுமா என்று டிரைவர் கேட்டான். எந்த அம்மா என்றார் இவர். உங்கள் கூடவே வந்து ஏறியதே, மாங்காய்க் கூடைமேல் உட்கார்ந்திருக்கிறதே என்றான். தோப்பு வேலைக்காரி யாரோ தொற்றிக்கொண்டாள் என்று நினைத்து, தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். மாங்காய்ப் பால் வாசனைக்கு நடுவே ஒரு தைல வாசனை… நெஞ்சுச் சளிக்குத் தேய்ப்பார்களே, அது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் போடி பஸ். பக்கத்து சீட்டு காலி. கண்டக்டர் அந்த சீட்டைக் காட்டி, இவங்களுக்கும் நீங்கதான் டிக்கெட்டா என்று கேட்டார். காளிச்சாமி பார்த்தார். ஆள் இல்லை… ஆனால் மெத்தை ஆள் பாரத்தில் அமுங்கியிருந்தது. ஒரு சின்ன இருமல். பாதியில் வாயைப் பொத்திக்கொள்கிற இருமல். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். சிறு வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள். அந்த நேரம் பார்த்து முன் சீட்டுக்காரர் திரும்பினார். உடுமலைப் பக்கத்து ஆள் சாயல்.

"என்ற கூட யாரும் வரலீங்க" என்றார் காளிச்சாமி.

மெத்தை மெதுவாக மேலே எழும்பியது.

போடியில் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு ஜீப் கிளம்பியது. ஏற்றத்தில் பனி கவிந்தபோது ஐந்தரை மணி. மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் டிரைவர் பிரேக் போட்டார். பனிக்குள் ஒரு பெண், எஸ்டேட்டில் கொடுக்கும் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். முகம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

"ஏங்க, அந்தக்கா உங்களத்தான் அண்ணாங்குது. ஏத்திக்கவா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அதில் ஒருவரும் அவருக்குத் தெரிந்தவர் இல்லை. யாரிடம் மறைக்க வேண்டும்? ஆனாலும் வாய் பழகிவிட்டது.

"எனக்குத் தங்கச்சியே இல்லீங்க."

வண்டி நகர்ந்தது.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. கட்டிலில் மருதாத்தாள், தலைமாட்டில் மெழுகுவர்த்தி, அதே தைல வாசனை. அழுது ஓய்ந்திருந்த கபிரியேல் எழுந்து கும்பிட்டார். ஒரு குறை சொல்லவில்லை. நேற்று இரவு முழுக்க, அண்ணன் லாரியில் வருகிறார், கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறார் என்று சொல்லிக்கொண்டே கிடந்தாளாம். காலையில், பக்கத்தில் உட்கார்ந்தும் பேசவில்லை என்று அழுதாளாம். காய்ச்சலில் பினாத்துகிறாள் என்று விட்டுவிட்டார்கள். ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்து கம்பளியைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அதோட போயிட்டா, மச்சான்" என்றார் கபிரியேல். "வார வழியில இவள எங்கயாச்சும் பாத்தீங்களா?"

லயமே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. பார்த்தேன் என்றால், ஏற்றாமல் வந்ததையும் சொல்ல வேண்டும்.

"பாக்கலீங்க" என்றார்.

கட்டிலில் ஒரு சின்ன இருமல்… பாதியில் நின்றது.

பத்து நாளாக அவள் இருமும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்த பழக்கத்தில், கபிரியேல் செம்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனார்.